ஊட்டிக்குப் போக மூணு இன்ஜின்: எந்த ரயிலுக்கு எந்த இன்ஜின்னு எப்படி முடிவாகுது?



இந்த வார எபிசோட்ல ரயில் இன்ஜின் பத்திப் பேசினோம். இந்த விஷயத்துல எழுத்துகளும் எண்களும் நிறைய. காதால கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுறப்போ குழம்பிடும். அதனால வழக்கம்போல முழுப் பாடமும் இங்கே எழுத்துல. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கேள்வி இதுதான்: ஒரு பயணிகள் ரயிலுக்கு எந்த இன்ஜினைப் போடணும்னு எதை வெச்சு முடிவு பண்றாங்க?

"வேகமான ரயிலுக்குப் பெரிய இன்ஜின், மெதுவான ரயிலுக்குச் சின்ன இன்ஜின்" என்றுதான் முதலில் தோணும். அது பாதி பதில். இழுக்குற சக்தியைத் தாண்டி இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, அந்த இன்ஜினுக்குள்ள என்னென்ன பொருத்தியிருக்கு. இன்னொண்ணு, அது எப்போ தன் ஷெட்டுக்குத் திரும்பணும். இந்த ரெண்டும் புரிஞ்சா, இன்ஜின் மாத்த ஏன் ரயில் நிக்குது, ராத்திரி ஏசி ஏன் சட்டுனு நின்னு மறுபடி வருது, எல்லாம் புரிஞ்சிடும்.

உதாரணத்துக்கு நம்மில் பலர் லீவுக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போற ஒரு வழியை எடுத்துக்கலாம். சென்னை சென்ட்ரல்ல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலை மேட்டுப்பாளையத்துல இறங்கி, அங்கிருந்து மலை ரயில்ல குன்னூர் வழியா ஊட்டி. ஒரே பயணம், ஆனா கரண்ட், நீராவி, டீசல்னு மூணு வகை இன்ஜின். மூணும் ஏன் அந்தந்த இடத்துல மட்டும் இருக்குன்னு பார்த்தாலே நம்ம பாடம் முடிஞ்சிடும்.

1. இன்ஜின் ரயிலுக்குச் சொந்தமில்லை

"நீலகிரி எக்ஸ்பிரஸ்" என்று ஒரு பொருள் கிடையாது. அது கால அட்டவணையில் இருக்குற ஒரு பெயர். அந்தப் பெயரை ஓட வைக்க மூணு தனித்தனி ஏற்பாடுகள் ஒரே நேரத்துல ஒரே பிளாட்பாரத்துக்கு வந்து சேரணும்.

முதலாவது ரேக் லிங்க். பெட்டிகளின் தொடருக்கு ரேக்னு பேரு. இந்த ரேக் இன்னிக்கு எந்த ரயிலா ஓடும், எங்கே கழுவப்படும், நாளைக்கு எந்த ரயிலா திரும்பும் என்கிற சுழற்சி இது.

ரெண்டாவது லோகோ லிங்க். இன்ஜினுக்கான சுழற்சி. ராத்திரி ஒரு ரயிலை இழுத்துட்டுக் கோயம்புத்தூர் பக்கம் போன இன்ஜின், அதே ரயில் அன்னிக்கு ராத்திரி திரும்புற வரைக்கும் சும்மா நின்னா நஷ்டம். அதனால பகல்ல வேற ஒரு ரயிலை மாட்டிக்கிட்டுப் போயிடும். இப்படிக் கண்ணி கண்ணியா கோக்குறதாலதான் அதுக்கு 'லிங்க்'னு பேரு.

மூணாவது க்ரூ லிங்க். லோகோ பைலட், உதவி லோகோ பைலட், ரயில் மேனேஜர் (நம்ம பழைய 'கார்டு') இவங்களோட வேலை நேரமும் ஓய்வு நேரமும். இவங்க இன்ஜின் கூடவே கடைசி வரை போறதில்லை. வழியில ஒரு பெரிய ஜங்ஷன்ல இறங்குவாங்க, புது ஆளுங்க ஏறுவாங்க, இன்ஜின் அப்படியே போகும்.

நம்மள மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது பழகின கணக்குதான். மூணு வளங்கள், மூணுக்கும் வேற வேற விதிகள், ஒரே டெட்லைன்.

சென்ட்ரல் மாதிரி பாதை முடிஞ்சிடுற ஸ்டேஷன்ல இது கண்ணால பார்க்கவே கிடைக்கும். உள்ளே வந்த இன்ஜின் தண்டவாளம் முடியுற இடத்துல மாட்டிக்கும். பின்னாடி இருக்குற பெட்டிகளை வேற ஒரு இன்ஜின் வந்து இழுத்துட்டுப் போன பிறகுதான் அதுக்கு வழி கிடைக்கும். அதுக்கப்புறம் அது வந்த ரயிலுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்போ இன்ஜின் யாருக்குச் சொந்தம்? ஷெட்டுக்கு. ராயபுரம், அரக்கோணம், ஈரோடு இதெல்லாம் தமிழ்நாட்டுல இருக்குற மின்சார லோகோ ஷெட்கள். திருச்சி பொன்மலை டீசலுக்குப் பேர் போனது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு தாய் ஷெட் உண்டு. அந்த ஷெட் பேரும், இன்ஜினோட ஐந்திலக்க எண்ணும் அதன் உடம்புலயே எழுதியிருக்கும். நாடு முழுக்கச் சுத்தினாலும், குறிப்பிட்ட நாளுக்குள்ள பராமரிப்புக்கு அது தாய் ஷெட்டுக்கு வந்தாகணும். பல வருஷத்துக்கு ஒருமுறை பெரிய பணிமனைக்குப் போய் அக்கு வேறு ஆணி வேறா கழட்டி மாட்டணும். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் அப்படிப்பட்ட ஒரு இடம்.

இந்த 'திரும்ப வேண்டிய தேதி'தான் லோகோ லிங்க்கோட முதுகெலும்பு. கன்ட்ரோல் ஆபீஸ்ல உக்காந்திருக்குற டிராக்‌ஷன் லோகோ கன்ட்ரோலர் பார்க்குறது ரெண்டு கேள்வி. இந்த இன்ஜின் இந்த ரயிலை இழுக்குமா? இழுத்துட்டுப் போனா தேதிக்குள்ள வீடு திரும்புமா? ரெண்டாவதுக்கு 'இல்லை'ன்னு பதில் வந்தா, எவ்வளவு நல்ல இன்ஜினா இருந்தாலும் அந்த ரயிலுக்கு அது கிடையாது.

2. பேரைப் படிக்கக் கத்துக்கலாம்

இன்ஜின் மேல எழுதியிருக்குற வகைப் பேர் ஒரு ரகசியக் குறியீடு இல்லை. இன்னிக்கு அதிகம் கண்ணுல படுற டபிள்யூ-ஏ-பி-7ஐ எடுத்துக்குவோம். ரயில்வேக்காரங்க 'வாப் செவன்'னு சொல்லுவாங்க.

'டபிள்யூ' என்றால் அகலப்பாதை. மீட்டர் கேஜுக்கு 'ஒய்'. 'ஏ' என்றால் மேல்கம்பியில் வரும் ஏசி மின்சாரத்தில் ஓடுவது. டீசலுக்கு அந்த இடத்தில் 'டி'. 'பி' என்றால் பயணிகள் ரயிலுக்கு. சரக்குக்கு 'ஜி', ரெண்டுக்கும் பொதுவானதுக்கு 'எம்'. கடைசி எண், அந்த வரிசையில் எத்தனையாவது மாடல் என்பது. இதை மனசுல வெச்சுக்கோங்க, குன்னூர்ல மறுபடி தேவைப்படும்.

வாப்-7 எடை 123 டன். சக்தி 6350 குதிரைத்திறன், அதாவது சுமார் 4700 கிலோவாட். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும். மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ஆலையில் இதைக் கட்ட ஆரம்பிச்சாங்க. ஆனா இது பிறக்கும்போதே பயணிகள் இன்ஜினா வடிவமைக்கப்பட்டது இல்லை. 1993ல் ஏபிபி நிறுவனத்தோட இந்திய ரயில்வே ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. அதுல வாப்-5 என்ற பயணிகள் இன்ஜினும், வாக்-9 என்ற சரக்கு இன்ஜினும், அதுங்களைக் கட்டுற தொழில்நுட்பமும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்துச்சு. அந்தச் சரக்கு இன்ஜினோட பல்சக்கர விகிதத்தை மாத்தினப்போ கிடைச்சதுதான் வாப்-7.

சைக்கிள் கியர் நினைச்சுக்கோங்க. வாக்-9ல் விகிதம் 77க்கு 15. வாப்-7ல் 72க்கு 20. மோட்டார் அதேதான். முதல் கியர்ல பாரம் இழுக்கும், வேகம் வராது. ரெண்டாவது கியர்ல வேகம் வரும், இழுவை குறையும். சரக்கு இன்ஜின் நின்ன இடத்திலிருந்து சுமார் 458 கிலோநியூட்டன் இழுக்கும். பயணிகள் இன்ஜினுக்கு அது சுமார் 323. அண்ணன் தம்பி மாதிரி முகம் ஒண்ணுதான், செய்யுற வேலை வேற.

இதுக்கு முந்தைய தலைமுறை வாப்-4. சுமார் 5000 குதிரைத்திறன், டிசி மோட்டார். அரக்கோணமும் ஈரோடும் வெச்சிருந்த வாப்-4கள்தான் பல வருஷம் தமிழ்நாட்டு எக்ஸ்பிரஸ்களை இழுத்துச்சு. அதுவும் 140 போகும். அப்படின்னா முக்கியமான ரயில்களுக்கெல்லாம் ஏன் இப்போ வாப்-7ஐத் தேடிப் பிடிக்குறாங்க? சக்தி கூடுதல்னு சொல்லலாம், பிரேக் போடும்போது மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பிக் கொடுக்கும்னு சொல்லலாம். ரெண்டும் உண்மை. ஆனா பெரிய காரணம் அடுத்த பகுதியில் இருக்கு.

3. உங்க ஏசிக்குக் கரண்ட் எங்கிருந்து வருது?

பெட்டிக்குள்ள விளக்கு, ஃபேன், ஏசி, சார்ஜிங் பாயிண்ட், சமையல் பெட்டியில் கொதிக்குற தண்ணி. இதுக்கெல்லாம் ஆகுற மின்சாரத்துக்கு ரயில்வேயில் 'ஹோட்டல் லோடு'ன்னு பேரு. இதைக் கொடுக்க மூணு வழி இருக்கு.

முதல் வழி, பெட்டியே தயாரிச்சுக்குறது. பழைய ஐசிஎஃப் பெட்டிகளில் சக்கரத்தின் அச்சோட பெல்ட் போட்டு ஒரு ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கும். நம்ம சின்ன வயசு சைக்கிள் டைனமோவேதான். ரயில் ஓடும்போது பேட்டரி ஏறும், நிக்கும்போது இறங்கும். சாதாரணப் பெட்டிக்கு 4.5 கிலோவாட் போதும். ஏசி பெட்டிக்கு 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர் ரெண்டு வேணும். சிக்னல்ல ரொம்ப நேரம் நின்னா ஏசி சோர்ந்து போறதுக்கு இதுதான் காரணம். டைனமோவைச் சுத்துற சக்தியும் இன்ஜின் இழுவையிலிருந்துதான் போகுது, இலவசம் இல்லை.

ரெண்டாவது வழி, ரயிலின் ரெண்டு முனையிலும் ஜெனரேட்டர் பெட்டி. ஜெர்மன் வடிவமான எல்எச்பி பெட்டிகளோட இதுதான் பரவுச்சு. பெரம்பூர் ஐசிஎஃப் 2018ல் பழைய வகைப் பெட்டி கட்டுறதையே நிறுத்தி முழுக்க எல்எச்பிக்கு மாறிடுச்சு. இந்த ரயில்களில் முன்னும் பின்னும் 'பவர் கார்'. உள்ளே டீசல் ஜெனரேட்டர்கள். பிளாட்பாரத்துல அது பக்கத்துல நின்னு பேச முடியாது, அவ்வளவு இரைச்சல், அவ்வளவு புகை. யோசிச்சுப் பாருங்க: தலைக்கு மேல 25,000 வோல்ட் கம்பி போகுது, அதுக்குக் கீழே டீசல் எரிச்சு விளக்கு போட்டுக்கிட்டு ஒரு ரயில் ஓடுது!

மூணாவது வழி, இன்ஜினே கொடுக்குறது. ஹெட் ஆன் ஜெனரேஷன், சுருக்கமா எச்ஓஜி. இன்ஜினோட டிரான்ஸ்ஃபார்மரில் இதுக்குன்னே ஒரு தனிச் சுற்று. அதிலிருந்து ஹோட்டல் லோடு கன்வெர்ட்டர்கள் 750 வோல்ட், மூணு ஃபேஸ் மின்சாரம் தயாரிக்கும். வாப்-7ல் 500 கேவிஏ கன்வெர்ட்டர் ரெண்டு. மொத்தம் 1000 கேவிஏ. தோராயமா 500 வீட்டு ஏசிகளை ஒரே நேரத்துல ஓட்டலாம். இன்ஜின் பின்னாடியிருந்து தடிமனான கேபிள் வழியா பெட்டி பெட்டியா இது போகும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 750ஐ 415 வோல்ட்டா இறக்கிக்கும்.

இதனால ஜெனரேட்டர் அமைதியாகுது, டீசல் செலவு மிச்சம், ஸ்டேஷன்ல புகை இல்லை. ரெண்டு பவர் காரில் ஒண்ணை எடுத்துட்டு, அந்த இடத்துல கார்டு அறை, சாமான் அறை, மாற்றுத்திறனாளிகளுக்கான இடம், சாதாரண இருக்கைகள் எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டியைப் போடலாம். டிக்கெட் கிடைக்காம ஜெனரல் பெட்டியில நசுங்குற ஜனங்களுக்கு உக்கார இன்னும் கொஞ்சம் இடம்.

இப்போ வாப்-4 விஷயத்துக்கு வருவோம். அதுல இந்தக் கன்வெர்ட்டர் கிடையாது. இழுக்கும், ஆனா கரண்ட் கொடுக்காது. எச்ஓஜிக்கு மாத்தின ரயிலுக்கு அதைப் போட்டா ரயில் ஓடும், பெட்டிகளுக்கு மறுபடி டீசல் ஜெனரேட்டர்தான். குதிரைத்திறனைத் தாண்டி, உள்ளே என்ன பொருத்தியிருக்கு என்பது இன்ஜினைத் தேர்ந்தெடுக்குற இடம் இதுதான்.

4. அந்தச் சில நொடி இருட்டு

"ஓடிட்டிருக்கும்போதே ஏசி சத்தம் சட்டுனு நின்னு, கொஞ்ச நேரத்துல தானா வருதே, ஏதாவது பழுதா?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். பழுது இல்லை.

ரயில்வே, மாநில மின்தொகுப்பிலிருந்து ஒவ்வொரு சப்ஸ்டேஷனிலும் மின்சாரம் வாங்குது. தொகுப்பில் மூணு ஃபேஸ். ரயிலுக்கு ஒரே கம்பி. ஒரே ஃபேஸ்ல பாரம் குவியாம இருக்க, அடுத்தடுத்த சப்ஸ்டேஷன்கள் வேற வேற ஃபேஸ்ல எடுக்கும். ரெண்டு ஃபேஸும் நேரடியா ஒட்டிக்கிட்டா ஷார்ட் ஆகிடும். அதனால நடுவுல கொஞ்ச தூரத்துக்கு உயிரில்லாத கம்பி. அதுதான் நியூட்ரல் செக்‌ஷன்.

500 மீட்டர் முன்னாடி ஒரு போர்டு, 250 மீட்டர் முன்னாடி இன்னொரு போர்டு. லோகோ பைலட் இன்ஜினோட மெயின் பிரேக்கரைத் திறந்து, சும்மா உருண்டு அந்த இடத்தைக் கடந்து, மறுபடி மூடுவார். அந்த நேரத்துல இன்ஜினுக்கே கரண்ட் இல்லை, அது உங்களுக்கு எங்கிருந்து கொடுக்கும்? எமர்ஜென்சி விளக்கு மட்டும் பெட்டியின் 110 வோல்ட் பேட்டரியில் எரியும். கன்வெர்ட்டர் மறுபடி கிளம்பி, ஏசி கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அடுத்த தடவை இது நடந்தா பக்கத்து சீட்டுக்காரருக்குப் பயமில்லாம விளக்கம் சொல்லுங்க.

5. தப்பான இன்ஜின் வந்தா யாருக்கு என்ன ஆகும்?

இதெல்லாம் ரயில் பிரியர்களோட பொழுதுபோக்குக் கணக்கு மட்டும் இல்லை. எல்எச்பி ஏசி பெட்டியின் ஜன்னலைத் திறக்க முடியாது. மே மாசம், நடுப்பகல், பெட்டிக்கு 72 பேர். இன்ஜினோட கன்வெர்ட்டர் செத்துப்போச்சுன்னா உள்ளே காத்தே இருக்காது. கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் பெரியவங்களும் அந்தப் பெட்டிக்குள்ள இருப்பாங்க. அதனாலதான் எச்ஓஜி ரயிலிலும் ஒரு பவர் காரை விட்டு வெச்சிருக்காங்க. வழியில இன்ஜின் பழுதாகி, கிடைச்ச ஏதோ ஒரு மாற்று இன்ஜின் வந்து மாட்டினாலும், பெட்டிக்குக் கரண்ட் நிக்கக்கூடாது. மிச்சம் பிடிக்குறதுல எங்கே கையை நிறுத்தணும்னு தெரிஞ்ச முடிவு அது.

பிரேக்கும் அப்படித்தான். இன்ஜினிலிருந்து பெட்டிகளுக்கு ரெண்டு காற்றுக் குழாய் போகும். ஒண்ணுல சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம், இன்னொண்ணுல 6 கிலோ. முதல் குழாயில் அழுத்தம் இறங்கினா பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் பிரேக் தானா பிடிக்கும். பழுது வந்தா பாதுகாப்பான பக்கமா சாயணும்கிற வடிவமைப்பு. இன்ஜின் மாத்தின ஒவ்வொரு தடவையும் இந்தத் தொடர்ச்சியைச் சோதிச்சுப் பார்க்காம ரயிலை எடுக்கக்கூடாது. இன்ஜின் மாத்த நேரம் பிடிக்குறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'கவச்' என்கிற தானியங்கிப் பாதுகாப்பு முறையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துக்கிட்டிருக்கு. பாதையிலும் கருவி இருக்கணும், இன்ஜினிலும் கருவி இருக்கணும். ஒண்ணு இருந்து இன்னொண்ணு இல்லைன்னா பிரயோஜனம் இல்லை.

இன்ஜினுக்குள்ள இருக்குறவங்களையும் பார்க்கணும். டிரைவர் கேபின்ல ஒரு விழிப்புக் கருவி உண்டு. 60 நொடிக்குள்ள லோகோ பைலட் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டைத் தொடலைன்னா முதல்ல விளக்கு மின்னும், அப்புறம் பஸ்ஸர் அடிக்கும், அதுக்கும் அசையலைன்னா இன்ஜின் தானாவே பிரேக் போட்டுடும். ராத்திரி முழுக்க, நிமிஷத்துக்கு ஒரு தடவை 'நான் முழிச்சிருக்கேன்'னு சொல்லிக்கிட்டே ஓட்டுற வேலை அது. பின்னாடி 500 வீட்டு ஏசி அளவுக்குக் கரண்ட் அனுப்புற இன்ஜின்ல, பல வருஷமா ஓட்டுறவருக்கு ஏசியும் இல்லை, கழிப்பறையும் இல்லை. லோகோ பைலட் சங்கங்கள் நெடுங்காலமா கேட்டுக்கிட்டிருக்குற விஷயம் இது. பெண்கள் இந்த வேலைக்கு வர வர, கேள்வியின் கனம் கூடுச்சு. புதுசா வர்ற இன்ஜின்களில் ரெண்டையும் பொருத்த ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா ஓடுறதில் பெரும்பகுதி பழசு. ஒரு இன்ஜினில் என்ன பொருத்தணும்னு பட்டியல் போடும்போது யாரை மனசுல வெச்சுப் போடுறோம் என்பதும் ஒரு கேள்விதான்.

6. மேட்டுப்பாளையம்: இழுக்காத இன்ஜின்

விடிகாலை மேட்டுப்பாளையம். இதோட அகலப்பாதை முடிஞ்சுது, மேல்கம்பியும் முடிஞ்சுது. எதிர் பிளாட்பாரத்துல மீட்டர் கேஜ்ல சின்ன நீலப் பெட்டிகள். இன்ஜினைத் தேடினா முன்னாடி இருக்காது. பின்னாடி நின்னு தள்ளும்.

கல்லாறு தாண்டினதும் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒண்ணு என்ற அளவுல இருக்கு. அதாவது 12 அடி போனா ஒரு அடி ஏறணும். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்துல இவ்வளவு ஏற்றத்தை ரயிலோட ஏற முடியாது, வழுக்கும். 6350 குதிரைத்திறன் இருந்தாலும் பிடிமானம் இல்லைன்னா சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். அதனால ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல் வெச்ச இரும்புப் பட்டை. இன்ஜின் அடியில் இருக்குற பல்சக்கரம் அதைக் கவ்விக்கிட்டு ஏறும்.

இந்த வேலைக்குன்னே கட்டினதுதான் 'எக்ஸ்' வகை நீராவி இன்ஜின். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர்ல வடிவமைச்சது. இதுக்கு ரெண்டு ஜோடி சிலிண்டர். சாதாரணப் பாதையில் ஒரு ஜோடி மட்டும் வேலை செஞ்சு சக்கரத்தை ஓட்டும். பல் பாதை வந்ததும், அந்த ஜோடியில் வேலை முடிச்ச நீராவியை வெளியே விடாம ரெண்டாவது ஜோடிக்கு அனுப்பி, அதை வெச்சுப் பல்சக்கரத்தைச் சுத்தும். ஒரே ஆவிக்கு ரெண்டு வேலை. நிலக்கரியில் ஓடின இந்த வகையை எண்ணெயில் ஓட மாத்தினாங்க. பொன்மலைப் பணிமனையிலேயே புதுசா கட்டினவையும் இருக்கு.

ஏன் தள்ளுது? கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் கீழே ஓடிடக்கூடாது. இன்ஜின் எப்பவும் பள்ளத்துப் பக்கம் நின்னா அதுவே அணை. ஆனா பின்னாடி நின்னு தள்ளுறவருக்கு முன்னாடி பாதை தெரியாது. அதனால ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன். முதல் பெட்டியின் முகப்புல நிக்குறவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், அது பெட்டிக்குப் பெட்டி பின்னால போகும். கேபிளும் சாஃப்ட்வேரும் இல்லாத ஒரு கட்டுப்பாட்டு வலையமைப்பு!

எச்ஓஜி? தேவையே இல்லை. ஜன்னலைத் திறந்தா நீலகிரிக் காத்து. ஹோட்டல் லோடு இல்லாத பெட்டிக்கு ஹோட்டல் லோடு கன்வெர்ட்டர் எதுக்கு? பொருத்தக்கூடாததைப் பொருத்தாம விடுறதும் நல்ல இன்ஜினியரிங்தான்.

7. குன்னூர்: இன்னொரு மாற்றம்

குன்னூரோட பல்பாதை முடியுது. அதுக்கு மேல ஊட்டி வரைக்கும் ஏற்றம் இருக்கு, ஆனா சாதாரணச் சக்கரமே ஏறக்கூடிய அளவுதான். இப்போ அந்த நீராவி இன்ஜினைத் தொடர்ந்து ஓட்டினா என்ன ஆகும்? பல்சக்கரமும் ரெண்டாவது ஜோடி சிலிண்டரும் சும்மா தூக்கிட்டுப் போற பாரம். அதனால இங்கே இறக்கிவிட்டு ஒரு டீசல் இன்ஜின். பேரு ஒய்-டி-எம்-4. இப்போ உங்களாலேயே படிக்க முடியும்: மீட்டர் கேஜ், டீசல், ரெண்டு வகை ரயிலுக்கும் பொது, நாலாவது மாடல்.

மலை ரயிலோட லோகோ ஷெட் குன்னூர்லதான் இருக்கு. ஏன் அங்கேன்னு இப்போ கேட்கவே வேண்டாம். இன்ஜின் மாறுற இடத்துலதான் இன்ஜினுக்கு வீடு.

8. நீங்க இருக்குற ஊர்ல

இந்தக் கணக்கு நம்ம ஊருக்கு மட்டும் இல்லை.

நியூயார்க்கிலிருந்து ஆல்பனி பக்கம் ஆம்ட்ராக்ல போறவங்க கவனிங்க. நியூயார்க் நகரத்துச் சுரங்கப்பாதையில் டீசல் புகைக்கு இடமில்லை. அதனால அந்த ரயில்களுக்குன்னு இரட்டை வகை இன்ஜின்: சுரங்கத்துல பக்கத்துல இருக்குற மூணாவது தண்டவாளத்திலிருந்து கரண்ட், வெளியே வந்ததும் டீசல். ஆல்பனிக்கு அப்பால் போற சில ரயில்களுக்கு அங்கே இன்ஜின் மாறும். வாஷிங்டனில் தெற்கே போற ரயில்களுக்கு மின்சார இன்ஜினைக் கழட்டி டீசலை மாட்டும்போது பெட்டியில விளக்கு அணையும். அங்கேயும் பெட்டிக்குக் கரண்ட் இன்ஜினிலிருந்துதான், 480 வோல்ட். டீசலில் ஒரு கூடுதல் சிக்கல்: பெட்டிகளுக்குக் கொடுக்குற அளவு இழுவையிலிருந்து குறையும். பழைய எஃப்40 இன்ஜின்கள் ஸ்டேஷன்ல நிக்கும்போதும் முழு வேகத்துல உறுமினது பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கத்தான்.

ஜெர்மனியில் இன்ஜின் பெட்டிகளுக்குக் கொடுப்பது 1000 வோல்ட். பிரிட்டனில் கதை இன்னும் பழசு. நீராவிக் காலத்துல இன்ஜினோட ஆவியிலேயே பெட்டிகளைச் சூடாக்கினாங்க. டீசல் வந்த பிறகும் பெட்டிகள் பழசுதானே? அதனால டீசல் இன்ஜினுக்குள்ள ஒரு பாய்லரை வெச்சாங்க. பாய்லர் இல்லாத இன்ஜினைக் குளிர்காலத்துல பயணிகள் ரயிலுக்குக் கொடுக்கறது கஷ்டம். நம்ம வாப்-4க்கு நடந்தது, அங்கே குளிரை வெச்சு நடந்துச்சு.

இந்தச் சிக்கலையெல்லாம் ஒரேயடியா தவிர்க்க ஒரு வழி, தனி இன்ஜினே வேண்டாம்னு சொல்றது. 2019 பிப்ரவரியில் ஓட ஆரம்பிச்ச வந்தே பாரத், பெரம்பூர் ஐசிஎஃப்ல கட்டினது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே பிரிச்சு வெச்சிருக்கு. இழுவையும் ஏசியும் ஒரே உடம்பு. ஆனா ஒரு பெட்டி பழுதானா முழு ரயிலையும் ஷெட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இன்ஜின் தனியா இருந்தா அதை மட்டும் மாத்தலாம். எது மேல்? அதுக்கு ஒரு தனி எபிசோட் வேணும்.

வீட்டுப்பாடம்

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, ரயில் கிளம்ப 10 நிமிஷம் முன்னாடி இன்ஜின் வரைக்கும் நடந்து போய் இந்த ஐந்தைப் பாருங்க. பிளாட்பாரத்திலேயே நின்னு பார்க்கலாம், தண்டவாளத்துல இறங்க வேண்டாம்.

1. வகைப் பேர். எழுத்து எழுத்தா பிரிச்சுப் படிங்க.
2. ஷெட் பேர். அது உங்க ரயில் ஓடுற பாதையிலேயே இருக்கா, எங்கேயோ வட இந்தியாவுலயா? தூரத்து ஷெட்னா, அதோட லிங்க் எவ்வளவு நீளம்னு யோசிங்க.
3. கடைசியா பெரிய பராமரிப்பு நடந்த தேதி. பல இன்ஜின்களில் பக்கவாட்டில் எழுதியிருக்கும்.
4. இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவுல தடிமனான கேபிள் மாட்டியிருக்கா?
5. பவர் கார் உறுமுதா, அமைதியா இருக்கா? நாலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்துப் பார்த்தா, உங்க ஏசிக்கு இன்னிக்கு யார் கரண்ட் கொடுக்குறாங்கன்னு நீங்களே சொல்லிடலாம்.

பிள்ளைங்க கூட இருந்தா நாலாவதையும் ஐந்தாவதையும் அவங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. நேரம் இருந்தா லோகோ பைலட்டுக்கு ஒரு வணக்கமும் சொல்லுங்க. ராத்திரி பூரா முழிச்சிருக்கப் போறவர் அவர்.

நீங்க இருக்குற நாட்டுல பார்த்த இன்ஜின் மாற்றங்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசலாம்.